கடலுக்குப் போகும் நீர்: காவிரிக் கடைமடையில் உப்பு தங்குவது ஏன்?

1. கேள்வி

மேட்டூர் அணை நிரம்பி வழியும் ஆண்டுகளில் தமிழ்ச் செய்தித்தாள்களில் ஒரு வரி தவறாமல் வரும்: இத்தனை டி.எம்.சி. காவிரி நீர் கடலில் வீணாகக் கலந்தது. காவிரிச் சிக்கலில் எதிரும் புதிருமாக நிற்பவர்கள்கூட இந்த வரியில் ஒன்றுபடுகிறார்கள். இதிலிருந்து பிறக்கும் கோரிக்கையும் பெரும்பாலும் ஒன்றே: இன்னொரு கதவணை, இன்னொரு தடுப்பணை. அதே காவிரி டெல்டாவின் கிழக்கு விளிம்பான கடைமடையில், தலைஞாயிறு, வேதாரண்யம், கீழையூர், கொள்ளிடம் ஒன்றியங்களில், கோடை முடிவில் வயல் வெளுத்துக் கிடக்கிறது. வரப்பின் சரிவில் உப்பு பொரிந்து நிற்கிறது. சம்பா விதைத்தபின் பயிர் திட்டுத்திட்டாக முளைக்கிறது. முளைத்த இடத்திலும் இலையின் நுனி வெளுத்துச் சுருள்கிறது.

கடலுக்குப் போகும் நீர் வீண் என்னும் கருத்தும், கடைமடை வயலில் உப்பு ஏறுகிறது என்னும் முறையீடும் ஒரே டெல்டாவிலிருந்து எழுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. கடைமடையின் உப்புக்குக் காரணம் கடல் உள்ளே வருவதா, ஆறு வெளியே போகாததா? இக்கட்டுரை ஆராய்வது இந்தக் கேள்வியை.

2. கடைமடையின் நிலமும் நீரும்

கல்லணையில் நீர் நான்காகப் பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகிய மூன்றும் பாசனத்துக்கு, கொள்ளிடம் வெள்ளத்துக்கு. கொள்ளிடம் தாழ்ந்த போக்குடைய ஆறு. தடுக்காவிட்டால் காவிரியின் நீரையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதன் பொருள் இதுதான். 1934இல் 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்தபின் இன்றைய பாசன ஏற்பாடு முழுமை பெற்றது.

இக்கட்டுரைக்கு முக்கியமானது வெண்ணாறு. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் அது வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. கீழே போகப்போகப் பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு, வளவனாறு என்று மேலும் கிளைக்கிறது. இவற்றில் சில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடலைச் சேர்கின்றன; சில முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் காயலில் முடிகின்றன. இந்த ஆறுகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மேலே உள்ள ஊருக்கு வடிகாலாக இருக்கும் ஆறே கீழே உள்ள ஊருக்குப் பாசன ஆறு. மேல் வயலில் வடித்துவிட்ட நீரை வாங்கித்தான் கடைமடை விவசாயி பயிர் செய்கிறார். தஞ்சாவூரிலிருந்து கடற்கரை வரை நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே சரிகிறது. கடைசிச் சில கிலோமீட்டரில் சரிவு என்று சொல்ல எதுவும் இல்லை. அங்கே ஆற்றின் போக்கைத் தீர்மானிப்பது மேட்டூர் மட்டுமன்று. கடல் ஓதம் ஏறும் நேரத்தில் நீர் மேல்நோக்கியே நகரும்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைமடையின் அடிமண் கடலும் ஆறும் மாறிமாறிப் படிய வைத்தது. உப்பு அதன் பிறவிக் குணம். கோடையில் மேல்மண் காயக்காய, அடியிலிருக்கும் உப்புநீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி, ஆவியாகி, உப்பை மட்டும் மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை வயலில் நிற்கும் நன்னீர் அந்த உப்பைக் கரைத்துக் கீழே அழுத்துகிறது, அல்லது வாய்க்கால் வழியே வெளியேற்றுகிறது. ஆண்டுதோறும் இவ்விரண்டுக்கும் ஒரு வரவு செலவு நடக்கிறது. ஏறிய உப்பு முழுதும் இறங்கிவிட்டால் வயல் வயலாக இருக்கும். இறங்காத மிச்சம் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். மண்கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டினால் நெல்லின் மகசூல் குறையத் தொடங்கும் என்பதும், அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும் என்பதும் வேளாண் அறிவியலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவுகள். கடல்நீரின் அளவு சுமார் 50. வாய்க்காலில் சிறிது கடல்நீர் கலந்தாலே என்ன ஆகும் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டும்.

கடைமடையிலும் எல்லா நிலமும் ஒன்றல்ல. வேதாரண்யம் பகுதியில் கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், குரவப்புலம் போன்ற ஊர்கள் பழைய கடற்கரை மணல்மேடுகளின்மேல் அமைந்தவை. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதன்கீழ் சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படை விதி. அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால் கீழே 40 மீட்டர் பறிபோகும். மணலில் ஆழமில்லாத குட்டை தோண்டி, குடத்தால் மொண்டு ஊற்றி முல்லைப்பூவும் காய்கறியும் வளர்த்த முறை இந்த விதிக்கு இசைந்தது. ஆழ்குழாயும் மோட்டாரும் இசைந்தவை அல்ல.

3. நிலவும் விளக்கங்கள்

முதல் விளக்கம் மேல்மடையைக் குற்றம் சொல்கிறது. கர்நாடகம் நீர் தராததால் கடைமடை காய்கிறது, காய்ந்த நிலத்தில் உப்பு ஏறுகிறது என்பது அதன் வாதம். இதில் உண்மை நிறைய உண்டு. மரபுப்படி ஜூன் 12ஆம் நாள் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் திறக்கப்படவில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. கடைமடை வயல்கள் நன்னீரையே காணாமல் கடந்த காலம் அது.

ஆனால் இந்த விளக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. அதே எட்டு ஆண்டுகளில் கும்பகோணம், பாபநாசம் பகுதிகளில் உப்பு ஏறவில்லை. மேல் டெல்டாவில் ஆற்று நீர் குறைந்தபோது, நிலத்தடி நீரை இறைக்கும் ஃபில்டர் பாயிண்ட் குழாய்கள் அதை இட்டு நிரப்பின. வேளாண்மைக்கு 1990 முதல் கிடைக்கும் கட்டணமில்லா மின்சாரம் அதற்குத் துணை நின்றது. அந்த வசதி கடைமடைக்கு இல்லை. அங்கே குழாய் இறக்கினால் பல இடங்களில் வருவது உப்புநீர். வேதாரண்யம் பகுதிக்குக் குடிநீரே கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. ஆகவே மாநிலங்களுக்கு இடையிலான பற்றாக்குறை டெல்டாவுக்குள் வந்து சேரும்போது சமமாகப் பங்கிடப்படவில்லை. மேலே தாங்கிக்கொள்ள முடிந்தது. கடைசியில் இருப்பவர் தலையில் விழுந்தது. இதைச் சொன்னால் மாநிலத்தின் வழக்கு பலவீனமடையும் என்ற தயக்கம் தமிழ் விவாதங்களில் தெரிகிறது. அந்தத் தயக்கத்தால் கடைமடைக்கு எந்த நன்மையும் விளைந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் விளக்கம் பருவநிலை மாற்றம். வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்துள்ளது என்று ஒன்றியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு கூறுகிறது. 25 ஆண்டில் இது 8 சென்டிமீட்டர். சரிவே இல்லாத நிலத்தில் 8 சென்டிமீட்டர் சிறிய உயரமன்று. ஓதம் ஏறும் தொலைவை அது நீட்டிக்கும். ஆற்று மணலும் வண்டலும் அணைகளில் தங்கிவிடுவதால் கரைக்கு வந்து சேரும் மண்ணும் குறைந்துள்ளது. எனினும் கடல் மட்ட உயர்வு மெதுவாக, ஒரே திசையில் நடப்பது. கடைமடை வயலின் உப்போ ஆண்டுக்கு ஆண்டு தாவித் தாவி மாறுகிறது. நல்ல மழைக்குப்பின் குறைகிறது, வறட்சிக்குப்பின் கூடுகிறது. இப்படி மாறுவதை மெதுவான ஒரு காரணத்தால் மட்டும் விளக்க இயலாது. வரும் 50 ஆண்டுகளுக்கு இது முதன்மையான அச்சமாகலாம். கடந்த 30 ஆண்டுகளை விளக்க இது போதாது.

மூன்றாவது இறால் பண்ணை. 1990களின் தொடக்கத்தில் நாகை மாவட்டக் கரையோரத்தில் நெல்வயல்களும் புறம்போக்குகளும் வேகமாக இறால் குட்டைகளாயின. சர்வோதய இயக்கத்தைச் சேர்ந்த எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் இதை எதிர்த்துப் போராடினர்; ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. நிலமற்ற வேளாண் தொழிலாளருக்கு நிலம் வாங்கித் தந்துகொண்டிருந்தவர்களே இறால் பண்ணையை எதிர்த்தனர் என்பதை மறந்துவிடக் கூடாது. நடவும் அறுப்பும் ஊர் முழுவதற்கும் வேலை தந்தவை. அதே பரப்பில் அமைந்த குட்டைக்கு ஒரு சிலர் போதும். கூலிப் போராட்டத்தில் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட வெண்மணியின் நினைவு அழியாத மண்ணில் அது கூலியின் கேள்வியாகவும் இருந்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, 2009க்குப் பிறகு வனாமி என்னும் புதிய இறால் வகை வந்தது, பண்ணைகள் நீடித்தன.

இறால் பண்ணையின் தீமையைப் பலரும் குட்டையிலிருந்து பக்கத்து வயலுக்குக் கசியும் உப்பாகவே பார்க்கிறார்கள். அது உண்மை, ஆனால் குட்டையைச் சுற்றியுள்ள சில வயல்களோடு நிற்பது. அதைவிடப் பெரிய தீங்கு முகத்துவாரத்தில் நேர்கிறது. இறாலுக்கு உவர்நீர் உள்ளே வர வேண்டும். நெல்லுக்கு அது வெளியே நிற்க வேண்டும். இரண்டு தேவைகளும் ஒரே ஆற்றின் ஒரே வாயில் மோதுகின்றன. குட்டைகளின் உயர்ந்த கரைகள் வடிகால்களையும் மறிக்கின்றன. கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்ற அளவுகோலால் இந்த மோதலைத் தீர்க்க இயலாது. எந்த வடிகாலில் எந்தப் பண்ணை என்று பார்த்தால்தான் தீரும்.

4. ஆழிப்பேரலை தந்த சான்று

இந்த விளக்கங்களை எடைபோட வரலாறு நமக்கு ஒரு கொடிய சோதனையைத் தந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கரையோர வயல்களில் கடல்நீரும் கடற்சேறும் நிறைந்தன. இனிப் பல ஆண்டுகளுக்கு அந்த நிலத்தில் பயிர் வராது என்ற கவலை அப்போது பரவலாக இருந்தது. அது அப்படியே நடக்கவில்லை. சேற்றை வழித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, வயலில் நீர் கட்டி வடித்தனர் விவசாயிகள். 2005 வடகிழக்குப் பருவமழை மிகக் கனமாகப் பெய்தது. வடிகால் வாய்த்த வயல்கள் ஓரிரு பருவங்களில் மீண்டன. நீர் வெளியேற வழியில்லாத பள்ளங்கள் நெடுநாள் உவராகவே கிடந்தன.

கடல் இதைவிட முழுமையாக வயலுக்குள் வர முடியாது. அப்படி வந்தும், நன்னீரும் வடிகாலும் இருந்த இடத்தில் உப்பு தங்கவில்லை. எனவே உப்பு எப்படி வந்தது என்பதைவிட ஏன் போகவில்லை என்பதே கடைமடையின் முதன்மைக் கேள்வி. மேற்கண்ட மூன்று விளக்கங்களும் வரவைப் பற்றியே பேசுகின்றன. செலவைப் பற்றிப் பேசுவது அரிதாக இருக்கிறது.

5. கொள்ளிடத்தில் வெள்ளம், அடப்பாற்றில் உப்பு

அப்படியானால் கடலில் கலந்ததாகச் சொல்லப்படும் அத்தனை டி.எம்.சி.யும் உப்பைக் கழுவியிருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை நில அமைப்பில் இருக்கிறது. 2018, 2022 போன்ற ஆண்டுகளில் கடலைச் சேர்ந்த பெருவெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடம் வழியே, டெல்டாவின் வட விளிம்பில், தென்மேற்குப் பருவ மாதங்களில் சென்றது. உப்பு தேங்குவதோ தென்கிழக்கே, வெண்ணாற்றுக் கிளைகளின் வாயில். கொள்ளிடத்தில் இரு கரையும் புரண்டு ஓடும் நாளில் அடப்பாற்றின் கடைசி மைல்களில் நீர் அசையாமல் நிற்கலாம். வெள்ளம் வடிந்த சில மாதங்களில் கொள்ளிடத்தின் வாயிலேயே கடல்நீர் மேலேறுகிறது. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனதால் அது ஏறுவது இன்னும் எளிதாகிவிட்டது. ஆக, கழுவுவதற்குத் தேவைப்படுவது பெருவெள்ளம் அன்று. சிறிய அளவில், உரிய கிளையில், உரிய மாதத்தில் ஓடும் நீர்.

கடைமடைக்கு அந்த நீரை இயல்பாகத் தருவது வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆனால் வடிகால் அடைபட்டிருந்தால் அதே மழை பயிரைக் கொல்கிறது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது; வயல்கள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. ஆகாயத்தாமரை மூடிய வாய்க்கால், குறுகிய பாலம், தூர்ந்த முகத்துவாரம் எல்லாம் சேர்ந்து நீரைப் பிடித்து வைத்தன. உப்பைக் கரைத்த நீர் வெளியேறாமல் வயலிலேயே வற்றினால், கரைந்த உப்பு வயலுக்கே திரும்புகிறது. ஆவணங்களில் வெள்ளச் சேதமும் உவர்ப்பாதிப்பும் தனித்தனித் தலைப்புகளில் வருகின்றன. வயலில் அவை ஒரே கோளாறின் இரண்டு விளைவுகள்.

6. கதவணை என்னும் தீர்வு

அரசின் முதன்மையான பதில் கடைமடைக் கதவணைகள். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 2016இல் ஒப்புதல் பெற்ற வெண்ணாற்று வடிநிலத் திட்டம், அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு ஆகியவற்றையும் வேதாரண்யம் கால்வாயையும் சீரமைக்க முனைந்தது. தூர்வாருதல், கரை உயர்த்துதல், பழைய ஒழுங்கிகளைப் புதுப்பித்தல் ஆகியவை அதன் பணிகள். வடிகாலை மையமாகக் கொண்டு சிந்தித்த திட்டம் என்ற அளவில் அது வரவேற்கத்தக்கது. வேதாரண்யம் கால்வாயை அதில் சேர்த்ததும் சரியே. 19ஆம் நூற்றாண்டில் கடற்கரைக்கு இணையாக வெட்டப்பட்ட அக்கால்வாய் ஆறுகளைக் குறுக்கே கடந்து செல்வதால், ஒரு வாயில் நுழையும் கடல்நீர் பக்கவாட்டில் அடுத்தடுத்த ஆறுகளுக்கும் பரவுகிறது.

ஆனால் கதவணை கட்டிவிட்டால் உப்பு நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு. கதவு மூடியிருந்தால் ஓதம் உள்ளே வராது. உள்ளே கரைந்த உப்பும் வெளியே போகாது. ஓதம் வற்றும் நேரத்தில் திறந்து, ஏறும் நேரத்தில் மூட வேண்டும். ஒரு நாளில் இரண்டு முறை, இரவு பகல் பாராமல், ஒருவர் அங்கே இருந்து செய்ய வேண்டிய பணி இது. கோடையில் நீர் தேக்க வேண்டும் என்று மேல் ஊரார் கேட்பார்கள். மழைக்காலத்தில் திறக்க வேண்டும் என்று கீழ் ஊரார் கேட்பார்கள். இறால் பண்ணைக்காரரின் விருப்பம் வேறு. துருப்பிடித்த ஷட்டர் முழுதாக இறங்காவிட்டால் இத்தனையும் பயனற்றது. கட்டுமானத்துக்குக் கிடைக்கும் நிதியும் கவனமும் இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் கிடைப்பதில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது தமிழகம் அதிர்ந்தது. கடைமடையில் ஒரு கதவு கசிந்தால் எந்த ஊடகத்துக்கும் அது செய்தியாகாது.

விதையின் பக்கமும் ஒரு வார்த்தை. களர்பாலை, குழியடிச்சான் போன்ற மரபு நெல்வகைகள் உவரைத் தாங்குபவை. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாக்கள் இத்தகைய விதைகளைப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்றன. வேளாண் பல்கலைக்கழகத்தின் திருச்சி ரகங்களும் களர் உவர் நிலத்துக்கென உருவானவை. இவை தேவை. ஆனால் தாங்கும் விதை கிடைத்துவிட்டது என்று வடிகாலைக் கைவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு.

7. தீர்ப்புகளின் கணக்கு

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று அளித்த இறுதித் தீர்ப்பு 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டது. அதில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு 10 டி.எம்.சி., தவிர்க்க இயலாமல் கடலைச் சேரும் நீராக 4 டி.எம்.சி. என ஒதுக்கியது. இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. கடலைச் சேரும் நீரை இழப்பாகப் பார்க்கும் பார்வையே இந்த ஒதுக்கீட்டில் வெளிப்படுகிறது. கடைமடையின் உப்பை வெளியேற்ற, முத்துப்பேட்டைக் காயலில் உப்பையும் நன்னீரையும் சமன்படுத்த, மீன்குஞ்சுகளுக்கு உணவு சேர்க்க எவ்வளவு நீர் வேண்டும் என்ற கேள்விக்கு அது விடையாகாது.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய அளவை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75இல் 10 டி.எம்.சி. தமிழ்நாட்டின் டெல்டா நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு கழிக்கப்பட்டது. இத்தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு இழைத்த தீங்கு பற்றி நிறையப் பேசப்பட்டது. கடைமடைக்கு இழைத்த தீங்கு இன்னும் நுட்பமானது. நிலத்தடி நன்னீர் இருப்பது மேல் டெல்டாவில். அதை இறைக்க முடியாத கடைமடையின் பங்கிலிருந்தும் அந்த 10 டி.எம்.சி. கழிகிறது. இது மட்டுமன்று. நிலத்தடி நீரை இறைத்துப் பயன்படுத்துவதைத் தீர்ப்பே இயல்பாக்கும்போது, கடலை எதிர்த்து நிற்கும் நன்னீரின் அழுத்தம் குறைகிறது. கடற்கரையை நெருங்க நெருங்க அதன் விலை கூடுகிறது.

2020இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக டெல்டா மக்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் விளைவு. அது வயலை எண்ணெய்க் கிணறாக மாறாமல் காக்க முயல்கிறது. அதே வயல் உவர்நிலமாக மாறினால் அந்தச் சட்டத்தில் கேட்பதற்கு இடமில்லை.

8. கேட்க வேண்டியவை

சம்பா விதைப்புக்கு முன், ஆகஸ்டில், வெண்ணாற்றின் ஒவ்வொரு கடைசிக் கிளைக்கும் சில நாட்களாவது கழுவுநீர் விட வேண்டும். அது பாசன முறையின் ஒரு தவணையாக அட்டவணையில் எழுதப்பட வேண்டும். விட்ட நீர் கடலுக்குப் போனால் அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று என்று பொதுப்பணியில் இருப்பவர்களும் விவசாய சங்கங்களும் சொல்லப் பழக வேண்டும். காவிரி நீர் மேலாண்மை ஆணையம் பிலிகுண்டுலுவில் நாள்தோறும் வரும் நீரைக் கவனிக்கிறது. அதே ஒழுங்கோடு ஒவ்வொரு கடைமடைக் கதவணையின் இரு பக்கத்திலும் உப்பின் அளவு எடுக்கப்பட்டு, அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். கதவைத் திறக்கும் நேரத்தை அந்த அளவு தீர்மானிக்க வேண்டும். யார் வந்து கேட்டார் என்பது தீர்மானிக்கக் கூடாது. இறால் பண்ணைகளுக்கு உரிமம் வழங்கும்போது வடிகால் வரைபடத்தை முன்வைத்தே முடிவெடுக்க வேண்டும். மணல்மேட்டு ஊர்களில் ஆழ்குழாய்களுக்கு வரம்பு வேண்டும். அந்த வரம்பால் வருமானம் இழக்கும் முல்லை, மா விவசாயிக்கு ஈடும் வேண்டும். கஜா புயல் 2018 நவம்பரில் அவர்களுடைய மரங்களைச் சாய்த்த பிறகு அவர்கள் மீண்டும் முதலிட்டது கடன் வாங்கித்தான்.